ஈரலில் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தால்

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜிஎஸ்டி சாலையில் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமில்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போனவர், கம்பெனி அனுப்பி மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போனவர், கர்ப்பப்பை ஸ்கேனுக்குப் போனவர் என்று யார் யாரோ கையில் ஒரு கவரோடு வெளியே வருகிறார்கள். கவருக்குள், கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல், கல்லீரலில் 4 செ.மீ. நீர்க்கட்டி என்று ஒரு வரி. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, பசியும் வழக்கம்போலத்தான் எடுக்கிறது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, “சார், கட்டின்னா கேன்சரா?”

பெரும்பாலும் இல்லை. இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது: “ஊசி போட்டுத் தண்ணியை எடுத்துட்டா சரியாப் போயிடுமா?” அதற்குப் பதில், என்ன வகைக் கட்டி என்று தெரியும்வரை ஊசியைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது என்பதுதான். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: “செக்மென்ட் 7-இல் 42 x 38 மி.மீ. அனெக்கோயிக் லீஷன், தின் வால், போஸ்டீரியர் அக்கூஸ்டிக் என்ஹான்ஸ்மென்ட், நோ செப்டா.” மிரட்டுகிற மாதிரி இருந்தாலும் இது நல்ல சேதி. கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். செக்மென்ட் 7 என்பது வலப்பக்கம், மேலே, பின்புறம். அனெக்கோயிக் என்றால் உள்ளே ஒலி எதிரொலிக்கவில்லை, சுத்தமான தண்ணீர் என்று பொருள். தோல் மெல்லியது, கட்டிக்குப் பின்னால் படம் பளிச்சென்று தெரிகிறது, உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் அது சாதா நீர்க்கட்டி.

பித்தக் குழாய்களோடு சேராமல் பிறவியிலேயே தனித்துப்போன நுண்குழாய் ஒன்று, வருஷக்கணக்கில் நீர் சேர்த்துக்கொண்டு உப்புவதால் வருவது அது. நடு வயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம். ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிமுறை, தொந்தரவு தராத சாதா நீர்க்கட்டிக்குத் தொடர் ஸ்கேன்கூட வேண்டாம் என்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து அளவைக் குறித்து வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவழிக்கலாம்.

கட்டி பெரிதாகி இரைப்பையை அமுக்கினால், இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டதுபோல இருக்கும். வலது விலாவுக்கு அடியில் பாரம் தெரியும். அப்போது வைத்தியம் தேவைதான். வெறுமனே தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் சில மாதங்களில் மறுபடி ஊறிவிடும். அதனால் உறிஞ்சிய பிறகு உள்சுவரைச் சுருங்கச் செய்யும் மருந்தைச் செலுத்துகிறார்கள். இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியின் மேற்சுவரை வெட்டித் திறந்துவிடுகிறார்கள்; ஊறும் நீரை வயிற்றறை தானே உறிஞ்சிக்கொள்ளும்.

காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது வேறு சில சொற்களுக்கு: செப்டா, தடித்த சுவர், கால்சிஃபிகேஷன், உள்ளே மிதக்கும் சவ்வு, டாட்டர் சிஸ்ட், சுவரில் முண்டு, பித்தக் குழாய் விரிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் விஷயம் சாதா நீர்க்கட்டியைத் தாண்டிவிட்டது. அடுத்த படி பெரும்பாலும் எம்ஆர்ஐ. சிடி ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு நன்றாகத் தெரியும். கட்டிக்குள் இருக்கும் சவ்வும் தடுப்பும் அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும்தான் தெளிவாக விழும். சிடி எடுத்தாயிற்று, அதைவிடப் பெரிய பரிசோதனை என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அனுபவமுள்ள ஒருவர் நிதானமாக எடுக்கும் இரண்டாவது அல்ட்ராசவுண்டு பல சமயம் விடையைச் சொல்லிவிடும்.

நாயிடமிருந்து வரும் கட்டி

இந்தியாவில் ஹைடாடிட் கட்டி அதிகம் காணப்படும் பகுதிகளாக மருத்துவக் கட்டுரைகள் ஆந்திரம், சௌராஷ்டிரம், காஷ்மீர் ஆகியவற்றோடு தமிழ்நாட்டையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்கிற நாடாப்புழு இதற்குக் காரணம். முழு வளர்ச்சி அடைந்த புழு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. நாயின் குடலில் குடியிருக்கும். நாய்க்கு ஒரு கஷ்டமும் தெரியாது.

இது பரவும் விதத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டன் கடை வாசலிலேயே பார்க்கலாம். ஆட்டின் நுரையீரலில் அல்லது ஈரலில் வெள்ளையாகத் தண்ணீர்ப் பை ஒன்று தெரிகிறது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று கடைக்காரர் கத்தியால் அந்த இடத்தைச் சீவி ஓரமாக எறிகிறார். காத்திருக்கும் தெருநாய் அதை ஒரே வாயில் விழுங்குகிறது. அந்தப் பைக்குள் இருந்த ஆயிரக்கணக்கான புழுத் தலைகள் நாயின் குடலில் புழுக்களாகின்றன. சில வாரங்களில் நாயின் மலத்தில் முட்டைகள் வெளிவரத் தொடங்கும். அவை மண்ணில், புல்லில், நாயின் மயிரில், கீரைக்கட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குள் போகும். குழந்தை நாயைக் கொஞ்சிவிட்டுக் கையை வாயில் வைத்தால் குழந்தைக்குள் போகும். குடல் சுவரைத் துளைத்த கரு ரத்தத்தோடு முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அதனால்தான் சுமார் 70 விழுக்காடு கட்டிகள் அங்கே. அதைத் தாண்டினால் நுரையீரல்.

“கறி தின்றதால் வந்ததா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. கட்டி உள்ள ஆட்டின் கறியைச் சாப்பிட்டால் மனிதருக்கு இந்தக் கட்டி வராது. நாயின் மலத்திலிருந்து வரும் முட்டைதான் மனிதருக்கு நோய் தரும். சுத்த சைவக் குடும்பத்தில் ஹைடாடிட் வந்தால் வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லை. நாய் வளர்க்காதவருக்கும் கழுவாத கீரை வழியாக வரலாம். முட்டை உள்ளே போனது எப்போது என்று தேடுவதிலும் பயனில்லை, கட்டி வளர ஐந்து வருஷம் ஆகலாம், இருபதும் ஆகலாம்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2003-இல் வெளியிட்ட வரிசைதான் இன்றைக்கும் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. ரிப்போர்ட்டில் சிஇ என்ற எழுத்துக்களோடு ஓர் எண் இருக்கும். சிஇ1 என்றால் ஒற்றை அறை, சுவரில் இரட்டைக் கோடு. சிஇ2-வில் தாய்க் கட்டிக்குள் குட்டிக் கட்டிகள். சிஇ3ஏ-வில் உள்சவ்வு கழன்று தண்ணீரில் மிதக்கும். டாக்டர்கள் அதை அல்லிப்பூ அடையாளம் என்பார்கள். சிஇ3பி-யில் பாதி கெட்டியாகி, நடுவே குட்டிகள். சிஇ4, சிஇ5 இரண்டும் புழு செத்து, உள்ளே இறுகி, சுண்ணாம்பு படிந்துபோன கட்டிகள்.

சிஇ4, சிஇ5 கட்டிகள் தொந்தரவு தராவிட்டால் மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்; கண்காணித்தால் போதும். சிஇ1, சிஇ3ஏ கட்டிகள் 5 செ.மீ.க்குக் குறைவென்றால் அல்பெண்டசோல் மாத்திரையே பல சமயம் போதுமானது. 5 முதல் 10 செ.மீ. வரை உள்ளவற்றுக்கு மாத்திரையோடு ஊசி முறையும் சேரும். சிஇ2, சிஇ3பி கட்டிகள் பல அறைகளாக இருப்பதால் மாத்திரைக்கும் ஊசிக்கும் லேசில் அடங்காது, பெரும்பாலும் ஆபரேஷன்தான். சிஇ எண்ணே இல்லாமல் வெறுமனே ஹைடாடிட் என்று ரிப்போர்ட் வந்திருந்தால், எந்தக் கட்டம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. எக்கினோகாக்கஸ் ஐஜிஜி நெகட்டிவ் என்று வந்த பிறகும் கட்டி ஹைடாடிட்டாக இருக்கலாம். மூளையில் வேறு வகை நாடாப்புழுவின் கட்டி உள்ளவருக்கு இதே பரிசோதனை தப்பாகப் பாசிட்டிவ் காட்டலாம். கல்லீரலில் உறுதியானால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அல்பெண்டசோல் புதிய மருந்தல்ல. பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குத் தரும் அதே மாத்திரைதான். அங்கே ஒரே ஒரு மாத்திரை. இங்கே பெரியவர்களுக்கு வழக்கமாக 400 மி.கி. வீதம் காலையிலும் இரவிலும், மாதக்கணக்கில். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் ஏறுவது மிகக் கொஞ்சம்; கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் பல மடங்கு கூடும். நெய் விட்ட பொங்கல், தேங்காய்ச் சட்னி, முட்டை, ஆடை எடுக்காத பால் எதுவானாலும் சரி. கொலஸ்டிராலுக்குப் பயந்து ஓட்ஸ் கஞ்சியோடு மாத்திரை போடுகிறவர், வாங்கிய மருந்தில் பாதிக்கு மேல் வீணாக்குகிறார். மாத்திரை ஓடும் காலத்தில் ரத்த அணுக்களையும் கல்லீரல் என்சைம்களையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும். முடி கொட்டலாம், மருந்தை நிறுத்தினால் திரும்ப முளைக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் முதல் மாத்திரைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005-இலிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதால், கட்டியைக் கரைக்கச் சித்த மருந்து சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி இந்தப் பக்கம் அடிக்கடி வரும். ஹைடாடிட் கட்டியைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட மூலிகை எதுவும் இல்லை. மற்ற நோய்களுக்கு ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் அந்தப் பட்டியலை இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். என்சைம் ஏறினால் காரணம் அல்பெண்டசோலா, லேகியமா என்று தெரியாமல் எல்லோரும் திண்டாட நேரும்.

ஊசி ஏன் ஆபத்து, எப்போது உதவி

ஹைடாடிட் கட்டிக்குள் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. வகை தெரியாமல் ஒருவர் ஊசி குத்தினால் அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் கசியும். உடனடி அபாயம் கடும் அலர்ஜி: உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். அதிலிருந்து தப்பினாலும் தண்ணீரோடு சிதறிய புழுத் தலைகள் வயிற்றறை முழுக்க விதைத்தது மாதிரி ஆகி, சில வருஷம் கழித்து ஒரு கட்டி இருந்தவருக்குப் பத்து கட்டி என்று வந்து நிற்கும்.

அதே ஊசி, முன்னேற்பாட்டோடு போனால் நல்ல வைத்தியம். துனிசிய மருத்துவக் குழு ஒன்று 1986-இல் முன்வைத்த ‘பேர்’ (PAIR) என்கிற முறை அது. அல்பெண்டசோலை முன்கூட்டியே தொடங்கிவிட்டு, ஸ்கேன் பார்த்தபடி கல்லீரல் சதை வழியாக ஊசியைச் செலுத்தி, தண்ணீரை எடுத்து, புழுவைக் கொல்லும் அடர் உப்புக் கரைசலையோ ஆல்கஹாலையோ உள்ளே விட்டு, சிறிது நேரம் கழித்துத் திரும்ப உறிஞ்சுகிறார்கள். எடுத்த தண்ணீர் மஞ்சளாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கட்டி பித்தக் குழாயோடு தொடர்பில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் மருந்தை விட்டால் குழாய்கள் வெந்து சுருங்கிவிடும். அலர்ஜி வந்தால் சமாளிக்க மயக்க மருந்து நிபுணர் பக்கத்தில் இருக்க வேண்டும். தெருமுனை ஸ்கேன் சென்டரில் செய்கிற வேலை இல்லை இது.

ஆபரேஷனிலும் கவலை அதே கசிவுதான். சுற்றிலும் மருந்தில் நனைத்த துணியை அடைத்து, கட்டியைத் திறந்து, சவ்வையும் குட்டிகளையும் எடுத்து, பித்தம் எங்காவது ஒழுகுகிறதா என்று தேடித் தையல் போடுகிறார்கள். கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு, கட்டியைத் துளைக்கும்போதே சுற்றிலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் தனி ட்ரோகார் குழாயை வடிவமைத்தார். அவர் குழு 2006-இல் அதைப் பற்றி எழுதியது. உலகின் அறுவை சிகிச்சைக் கட்டுரைகளில் அது பழனிவேலு ஹைடாடிட் சிஸ்டம் என்ற பெயரிலேயே வழங்குகிறது. கசிவுக்குப் பயந்து வயிற்றைத் திறந்தே செய்துவந்த வேலையை லேப்ராஸ்கோப்பியில் செய்ய அது ஒரு வழி காட்டியது.

ஆபரேஷன் முடிந்து சில நாள் குழாயில் பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம் வடியலாம். வீட்டார் பதறிப்போவார்கள். பல சமயம் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, பித்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தால் அடங்கும். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லிவைக்கிற சர்ஜன் கிடைத்தால் பாதிக் கவலை குறையும்.

மற்ற அபூர்வ வகைகள்

மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம் அநேகமாக நடு வயதுப் பெண்களுக்கு, கல்லீரலின் இடப்பக்கத்தில் வருவது. உள்ளே தடுப்புகள் இருக்கும், சில சமயம் முண்டும் தெரியும். இது புற்றாக மாறக்கூடியது என்பதால் முழுசாக வெட்டி எடுக்க வேண்டும். சாதா நீர்க்கட்டி என்று நினைத்து மேற்சுவரை மட்டும் திறந்துவிட்டால் திரும்ப வரும். இடப்பக்கத்தில் தடுப்புள்ள கட்டி என்று ரிப்போர்ட் வந்த பெண்கள், லேப்ராஸ்கோப்பிக்குத் தேதி வாங்குவதற்கு முன் எம்ஆர்ஐயோடு இன்னொரு கல்லீரல் சர்ஜனைப் பார்ப்பது நல்லது.

சிலியேட்டட் ஃபோர்கட் சிஸ்ட் இன்னும் அபூர்வம். பித்தப்பைக்குப் பக்கத்தில், செக்மென்ட் 4-இல், கல்லீரல் தோலுக்கு அடியில் சிறியதாக இருக்கும். மிகச் சிலருக்குப் புற்றாக மாறியிருப்பதால், பெரிதாக இருந்தாலோ வளர்ந்தாலோ எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பத்துக்கு மேல் கட்டிகள் இருந்தால் பாலிசிஸ்டிக் நோய். முதலில் சிறுநீரகங்களை ஸ்கேன் செய்ய வேண்டும். பலருக்கு அங்கேயும் கட்டிகள் இருக்கும், அப்பா அம்மாவில் ஒருவருக்கும் இருந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். வயிறு எட்டு மாதக் கர்ப்பம்போல வீங்கி, சாப்பிட முடியாமல் உடம்பு உருக்குலைந்த சிலருக்குக் கடைசி வழி மாற்றுக் கல்லீரல்.

கோலிடோக்கல் சிஸ்ட் உண்மையில் பித்தக் குழாயின் பிறவி வீக்கம். ஆசியாவில் அதிகம், அதிலும் பெண் குழந்தைகளுக்கு. வயிற்று வலி, மஞ்சள்காமாலை, கணையத்தில் வீக்கம் என்று தலைகாட்டும். புற்று அபாயம் உள்ளதால் ஆபரேஷன் அவசியம். இதில் நம் ஊரின் பழைய பழக்கம் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பது, பத்தியம் இருப்பது. வைரஸால் வந்த காமாலை தானாகவே இறங்கும்போது கீழாநெல்லி பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. பித்தக் குழாய் அடைப்பால் வந்த காமாலைக்கு அது உதவாது. ஹைடாடிட் கட்டி உடைந்து பித்தக் குழாயை அடைத்தாலும் இதே கதைதான். மஞ்சள் கண், குளிர்நடுக்கக் காய்ச்சல், வலப்பக்க வலி மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலும் வலியும் சேர்ந்து கல்லீரலில் கட்டி என்றால் இங்கே அதிகம் காண்பது நீர்க்கட்டியே அல்ல, சீழ்க்கட்டி. அமீபாவால் வருவது குடிப்பழக்கம் உள்ள ஆண்களிடம் கூடுதல். அதற்கு மெட்ரோனிடசோல் நன்றாகக் கேட்கும். அதில் ஊசி போட்டுச் சீழ் எடுப்பதும் சகஜம். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவியதே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சீழ் எடுத்ததைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது.

எங்கே போவது

பெயர் சொல்வது வழி தெரிவதற்காக, சிபாரிசு அல்ல. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டிக்குப் போனால் 2023 ஜூனில் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. அதே ரயிலில் பார்க் நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. வடசென்னையில் ஸ்டான்லி, கல்லீரல் அறுவைக்குப் பேர்பெற்ற அரசு ஆஸ்பத்திரி. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி பக்கம். தனியாரில் குரோம்பேட்டையில் டாக்டர் முகமது ரேலாவின் மருத்துவமனையும் பெருங்குடியில் ஜெம் கிளையும் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் ஆபரேஷன் அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அலைச்சல்.

வீட்டில் செய்ய வேண்டியது

வளர்ப்பு நாய்க்குப் புழு மாத்திரை கொடுக்கும்போது அதில் பிராசிகுவான்டல் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். உருண்டைப் புழுவுக்கான மருந்து இந்த நாடாப்புழுவைத் தொடாது. பச்சை ஈரல், நுரையீரல் நாய்க்கு வேண்டாம், வேகவைத்துப் போடுங்கள். சானிடைசர் இந்த முட்டையை நிச்சயமாகக் கொல்லும் என்று சொல்ல முடியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் நல்லது. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டினால் கழிவை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள். ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இந்த நோய் வீட்டுக்கு வீடு இருந்தது. ஹரால்ட் கிராப்பே என்ற டேனிஷ் அறிஞர் 1864-இல் எழுதிய ஒரு சிறு கையேட்டை அரசு எல்லா வீட்டுக்கும் இலவசமாகக் கொடுத்தது. நாய் கட்டுப்பாடும் கழிவை ஒழிப்பதும் தொடர, அந்த நாட்டிலிருந்து நோயே போய்விட்டது. வழிகாட்டி நூல் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

ஹைடாடிட் உறுதியானவர் வீட்டில், ஒரே நாயோடு வளர்ந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்துவிடலாம். வைத்தியம் முடிந்தவருக்கு முதலில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்து வருஷம் ஸ்கேன் வேண்டும். முடிந்தால் அதே சென்டரில் எடுங்கள். மாற வேண்டியிருந்தால் பழைய ஸ்கேன் படங்களையும் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். கட்டி இருந்த இடத்தில் பள்ளமும் தழும்பும் வருஷக்கணக்கில் தெரியும். பழைய படம் இல்லாமல் பார்க்கும் புதியவர் அதையே கட்டி என்று எழுதிவிடுவார்.